சவுக்குத்தோப்பு மணலில் ஒரு யாளி

மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளில் பிரபாவுக்குத் தார்ச்சாலையில் சிலை ஏற்றிப்போகிற வேலைதான் கொடுப்பார்கள். திருக்கழுக்குன்றத்துப் பக்கம் உழுகிற குடும்பத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் டிராக்டர் ஓட்டி, முப்பத்தெட்டில் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய பிக்கப் வண்டியைச் சொந்தமாக்கிக்கொண்டவள். ஆனாலும் மணலில் போகிற வேலை என்றால் ஆம்பளைகளைத்தான் கூப்பிட்டார்கள்.

போன வாரம் கடலோர வீடு ஒன்றுக்குப் போக அப்படிக் கூப்பிட்ட வண்டி, கேசவன் பட்டறையின் கருங்கல் யாளியோடு அச்சு வரை மணலில் புதைந்தது. இழுத்ததில் யாளியின் காது மூளியாயிற்று. அதற்கு ஜோடியாக ஏற்கெனவே செதுக்கிக்கொண்டிருந்த இரண்டாவது யாளி முடிந்தபோது வேறு யாரும் வர ஒப்பவில்லை. கேசவன் அரைமனதாகப் பிரபாவிடம் கொடுத்தார். இதுவும் சிக்கினால் இனி மணல் பக்கம் அவளை எவரும் விடப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

சவுக்குத்தோப்பு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திச் செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலோடு வழி முழுக்க நடந்து பார்த்தாள். இருநூறு அடிக்குப் பாதம் மாவில் இறங்குவதுபோல் இறங்கியது. பிறகு அடப்பங்கொடி படர்ந்த ஒரு திட்டு. அங்கே மட்டும் குதிகால் புதையவில்லை. அதற்கப்பால் அந்தக் கடலோர வீட்டு வாசலுக்கு ஏறும் மணல்மேடு. திரும்பி வந்து, மணலில் அகலமாகப் படியட்டும் என்று நாலு டயரிலும் பாதிக் காற்றை இறக்கினாள். கியருக்குப் பக்கத்தில் நாலு சக்கர இழுவையை மாற்றுகிற குட்டிக் கம்பியை ஹை பக்கம் தள்ளினாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுமைக்காரர் உலகநாதனுக்குப் பொறுக்கவில்லை. "இன்னாம்மா, மணல்ல போய் ஹை போட்றே? லோ போட்டாதான இழுக்கும்?"

"இழுக்கும்ண்ணே. இழுத்துகினே குழியும் தோண்டும். போன வாரம் தோண்டுச்சே, அதான்."

இளகிய மணலுக்கு வேண்டியது ஹை தருகிற ஓட்டம், மேட்டுக்கு வேண்டியது லோ தருகிற பொறுமையான பலம். இடையில் வண்டி நிற்காமல் கம்பியை மாற்ற முடியாது; நின்ற இடம் இளகினால் கதை முடிந்தது.

வண்டி சீறிக்கொண்டு இறங்கியது. பாதி வழியில் இன்ஜின் முனகத் தொடங்கியதும் உலகநாதன் லோ, லோ என்று தொடையைத் தட்டினார். பிரபா ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. கொடி படர்ந்த திட்டுக்கு வந்ததும் பிரேக்கைத் தொடாமல் வண்டியைத் தானாக ஓய விட்டாள். சக்கரம் புதையவில்லை. இப்போதுதான் கம்பியை லோவுக்கு மாற்றினாள். முதல் கியரில், நிறைமாதக்காரி படியேறுவதுபோல் வண்டி நின்று நிதானமாக மேடேறியது.

முன்னாலேயே வந்து காத்திருந்த கேசவன் யாளியின் இரண்டு காதுகளையும் தடவிப் பார்த்தார். எப்படி வந்தீர்கள் என்று உலகநாதனைக் கேட்டார். மணலுக்கு ஹை, மேட்டுக்கு லோ என்று, பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்போல் அவர் விளக்க ஆரம்பித்தார். பிரபா சிரிப்பை அடக்கிக்கொண்டு பேச விட்டாள். தன் வேலை இன்னொருவர் வாயில் பாடமாவதைக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"திங்கக்கெழம ரெண்டு தூண் கீது. இதே மாதிரி மணல்தான்," என்றார் கேசவன், பிரபாவின் பக்கம் திரும்பி. "நீ வர்றியா?"

"வர்றேன். காலைல ஆறு மணிக்கெல்லாம் ஏத்திடணும்."

வெயில் ஏறினால் மணல் இன்னும் இளகும் என்று அவள் சொல்லவில்லை. ஏன் ஆறு மணி என்று அவரும் கேட்கவில்லை.