ராகு காலத்தில் போட்ட ஓ.எஸ்.

எங்கள் வீட்டில் ராகு காலம் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அன்று செவ்வாய்க்கிழமை. நான் இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ முடித்திருந்த அக்கா, எந்தெந்தக் காலேஜ் வேண்டுமென்று கம்ப்யூட்டரில் வரிசையாகக் குறித்து அனுப்ப வேண்டிய கடைசி நாள் அது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்பாவிட்டால் அந்த வருடமே போய்விடும்.

எங்கள் கரியாலூரிலிருந்து மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்குப் போய்வர ஒரு பகல் பிடிக்கும். அங்கே செல்போன் கடையில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பழைய லேப்டாப் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். அதன் பேட்டரி என்றைக்கோ செத்துவிட்டது. பிளக்கைச் செருகியிருக்கும் வரைதான் அதற்கு உயிர்.

மாமாவின் போனில் காலேஜ் குறிக்கிற பக்கம் பாதி திறந்து நின்றுகொண்டது. லேப்டாப்போ எதைத் திறந்தாலும் அப்படியே உறைந்துபோனது. மதியம் வரை மல்லுக்கட்டிவிட்டு, பழசையெல்லாம் அழித்துப் பென் டிரைவிலிருந்து புது ஓ.எஸ். போட்டால் ஒரு மணி நேரத்தில் குதிரை மாதிரி ஓடும் என்றார் மாமா. ஓ.எஸ். என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பென் டிரைவுக்குள் குதிரை எப்படி இருக்கும் என்று மட்டும் யோசித்தேன்.

அக்கா முதலில் குறிக்கப்போவது கோயம்புத்தூர்க் காலேஜ். கள்ளக்குறிச்சியில் இல்லாத படிப்பா என்று அப்பா ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு பேச்சையே நிறுத்திவிட்டார். அவர் ஒத்துக்கொண்டதாகத்தான் வீட்டில் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

ஓ.எஸ். ஏறி முடிந்தது. லேப்டாப் தானே அணைந்து, தானே எழுந்தது. தயாராகிறது, அணைத்துவிடாதீர்கள் என்று திரையில் வந்ததை மாமா பெருமையாக எங்களுக்குப் படித்துக் காட்டினார். அந்த நேரத்தில் அப்பா கொல்லையிலிருந்து உள்ளே வந்தார். சாமை விதைக்கவும் கிணறு தோண்டவும் மண்ணையும் மேகத்தையும் மட்டுமே பார்க்கிற மனிதர், சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டரின் முன்னால் போய் நின்றார்.

"மூணு மணி ஆயிடுச்சி. ராகு காலம். புதுசா ஒண்ண இப்ப ஆரம்பிக்கக் கூடாது" என்றார். பிளக்கைப் பிடுங்கினார்.

திரை கறுத்தது. மாமாவின் முகமும்தான். தன் அக்காவின் புருஷனை அவர் என்ன சொல்ல முடியும்? பிளக்கை மறுபடி செருகினார். நீலத் திரை வந்தது. அதில் ஒரு சோக முகமும் கீழே சில இங்கிலீஷ் வரிகளும். அதுவாக அணைந்தது, எழுந்தது, மறுபடி நீலம். மாமா ஏதேதோ பட்டன்களை அழுத்தினார். பென் டிரைவைப் பிடுங்கி ஊதிவிட்டுச் செருகினார்.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழுந்து மாமாவின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"இத நோண்டிக்கினு இருந்தா அஞ்சி மணி ஆயிடும் மாமா. மொதல்லேர்ந்து போடுங்க."

மாமா மறுபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஆரம்பித்தார். சுவிட்ச் போர்டு தரையிலிருந்து முழ உயரத்தில் இருந்தது. அக்கா போய் அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, பிளக்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து அரிவாளைத் தீட்டினார். வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கரண்ட் போய்விடக் கூடாதென்று அம்மா வாய்க்குள்ளேயே எங்கள் மலைச்சாமி கரியராமரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டிய எண் பாதியைத் தாண்டி அங்கேயே நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அது அசைந்த பிறகுதான் விட்டேன்.

இந்தத் தடவை நீலம் வரவில்லை. அப்போது ஐந்தாக இருபது நிமிஷம் இருந்தது. மாமா தன் போனிலிருந்து நெட் கொடுத்து, லேப்டாப்பை அக்காவின் மடியில் வைத்தார். அவள் பிளக்கை விடாமல் ஒற்றைக் கையால் தட்டினாள். கோயம்புத்தூர் முதலில். எல்லாம் குறித்தாயிற்று. ஓ.டி.பி. நம்பர் வந்தால் முடிந்தது.

அது வந்தது. அப்பாவின் சட்டைப் பையில் போன் சத்தம் போட்டது.

அரிவாள் தீட்டும் சத்தம் நின்றுபோனது. அம்மா நேராக வாசலுக்குப் போனாள். புருஷனை நிமிர்ந்து பார்த்துக்கூடப் பேசாத என் அம்மா, அவர் பைக்குள் கையை விட்டு போனை எடுத்து வந்தாள். அப்பா கொடுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அக்கா எண்களைத் தட்டினாள். போய்ச் சேர்ந்துவிட்டதென்று திரை சொன்னது. மாமா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறமும் அக்கா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நான் போய் அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தேன். அவளுடைய பாவாடை வியர்வையில் நனைந்திருந்தது.

"ராகு பிளக்கு வழியாவா வரும்க்கா?" என்று கேட்டேன்.

"ஆமாண்டி."

"இன்னும் போவலையா?"

அக்கா வாசல் பக்கம் பார்த்தாள். அவள் கண் அப்போதுதான் கலங்கியது.

"இல்ல. வாசல்ல குந்திகினு இருக்குது."

நானும் எட்டிப் பார்த்தேன். அப்பா மட்டும்தான் முதுகைக் காட்டி உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராகு கண்ணுக்குத் தெரியாது என்று அம்மா முன்பே சொல்லியிருந்ததால், அக்கா சொன்னதை நான் அப்படியே நம்பினேன். பாவம் அப்பா, பக்கத்தில் ராகு இருப்பது தெரியாமல் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே என்று, ஓடிப்போய் அவர் மடியில் உட்கார்ந்துகொண்டேன். அவர் என்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் ராகுவென்றால் பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.