தேவசுந்தரியின் ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி

தேர்தல் அறிவித்துவிட்டால், லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். திருத்தணி ஸ்டேஷன் வாசலில் அன்று நிற்கிற வரிசையைப் பார்த்தால் ஏதோ பழைய காலத்துப் படை கலைந்து வீடு திரும்புவதுபோல் இருக்கும். காட்டுப்பன்றிக்கென்று வாங்கிய ஒற்றைக்குழல்கள், மாமனார் விட்டுப்போன ரெட்டைக்குழல்கள், கோணிப்பையில் சுற்றியவை, வேட்டியில் சுற்றியவை. நடுவில் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, டிபன் கேரியர் அளவுக்கு ஒரு பெட்டியோடு தேவசுந்தரி நிற்பாள்.

"இன்னாம்மா, வூட்டுக்காரருதா?" என்று புதிதாக மாற்றலாகி வந்த போலீஸ்காரர் கேட்பார்.

"என்னுதுங்க."

"மிருகத்துக்கா?"

"அட்டைக்கு."

அவருக்குப் புரியாது. வரிசையில் நிற்கிற விவசாயிகள்தான் விளக்குவார்கள், அந்தம்மா ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவங்க, அட்டையில குறி பாத்துச் சுட்டு மெடல்லாம் வாங்கினவங்க என்று.

மிஷன் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி.க்குச் சேர்ந்தபோது தேவசுந்தரிக்கு நோக்கமெல்லாம் ஞாயிறு காலை பரேடு முடிந்ததும் கொடுக்கும் பூரி கிழங்கில்தான் இருந்தது. ஒருநாள் ரைபிளைக் கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். குண்டுகள் அட்டையில் ஒரே இடத்தில் விழுந்திருந்ததைப் பார்த்து, வேறு யாரோ சுட்ட அட்டை என்று அதை ஓரமாக வைத்துவிட்டார் சுபேதார். மறுபடி சுடச் சொல்லிப் பார்த்தபிறகுதான் நம்பினார். அதன்பின் பிஸ்டல், மாநிலப் போட்டி, விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை. அரக்கோணம், திருவள்ளூர், கடைசியில் திருத்தணி என்று புக்கிங் கவுன்ட்டரிலேயே அவள் காலம் கழிந்தது. கிருத்திகைக்கு வரும் கூட்டத்துக்குக் கை அசராமல் டிக்கெட் கொடுத்துவிட்டு, மறுநாள் ரேஞ்சுக்குப் போய் அதே கையால் சுடுவாள்.

கல்யாணத்துக்கு முன்பே விஷயத்தைச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை ஜெபஸ்டின், மின்வாரியத்தில் கணக்குப் பார்த்தவர், பட்டாசுக்கே காதைப் பொத்துகிறவர். "நீ சுடு. நான் பின்னாடி உக்காந்துக்கறேன்," என்றார். சொன்னபடியே உட்கார்ந்தார். இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு, கிளப்பின் பின் பெஞ்சில், மடியில் தயிர்சாதத்தோடு. அவள் சுட்டு முடித்துத் திரும்பினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவார். நன்றாகச் சுட்டாலும் அதே விரல், சொதப்பினாலும் அதே விரல். "உங்களுக்கு அட்டையாவது தெரியுதா?" என்று ஒருமுறை கேட்டாள். "நான் ஏன் அட்டையப் பாக்கணும்?" என்றார்.

அவர் போய் இரண்டாவது வருஷம் நடக்கிறது. மாரடைப்பு. மகன் இவான் ஆக்லாந்தில் இருந்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு அவளிடம் மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். காலை மின்சார ரயில் பிடித்து, திருவள்ளூர்ப் பக்கம் இருக்கும் ரைபிள் கிளப்புக்குப் போவாள். வாரத்தின் மற்ற நாட்களில் பால்காரனிடமும் டிவியிடமும் பேசுவதைத் தவிர்த்தால், மனிதர்களோடு உட்கார்ந்து டீ குடிப்பது அங்கேதான். போன வருஷம் கண்புரைக்கு அறுவை செய்துகொண்டாள். தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மலைமேல் கோபுரத்தின் பொம்மைகளைக்கூட எண்ணலாம்போல இருந்தது. ஆனால் கை நீட்டும் தூரத்தில் இருப்பதெல்லாம் பஞ்சுபோல மங்கிப் போனது. பிஸ்டலின் முனையில் நிற்கும் சின்னக் குறி, வாழ்நாளெல்லாம் அவள் பார்த்து வந்த அந்தக் குறி, சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு மட்டும். குண்டுகள் அட்டையெங்கும் சிதறின. பின் பெஞ்சில் யாரும் இல்லை.

இவான் வாரம் தவறாமல் கூப்பிடுவான். கூப்பிட்டால் முதலில் சாப்பாடு, பிறகு மாத்திரை, பிறகு அந்தக் கேள்வி.

"பீரோ சாவி எங்கம்மா வெக்கிறே?"

"அதே எடத்துலதான். எவன்டா வந்து திருடப்போறான்?"

"லைசென்ஸ் இந்த மாசத்தோட முடியுதில்ல? ரின்யூ பண்ணாதம்மா. ஒப்படைச்சிடு. கண்ணும் தெரியல, எதுக்கு இதெல்லாம்?"

அவளும் சோர்ந்துதான் இருந்தாள். "ஞாயித்துக்கெழம புதுசு ஒண்ணு எடுத்துகினு வராங்க. கண்ணாடி வெச்சது. குறி பாக்கவே வேணாமாம். சுட்டுப் பாக்கறேன். அதுலயும் சரிவரலைன்னா ஒப்படைச்சிடறேன், போதுமா?"

"சத்தியமா?"

"பைபிள் கொண்டாரட்டுமா?"

அவன் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு கிளப்பில் துப்பாக்கிக் கடைக்காரர் குமரவேல் மேஜைமேல் பச்சைத் துணி விரித்து அதை வைத்திருந்தார். வெளிநாட்டு .22 பிஸ்டல். சுற்றி நின்றவர்கள், யார் வீட்டுக் குழந்தைக்கோ பேர் வைக்க வந்தவர்கள்போலக் குனிந்து பார்த்தார்கள். முன்னும் பின்னும் நகரும் மேல்பாகமான ஸ்லைடில் பள்ளமாக வெட்டி, அதில் தீப்பெட்டியளவுக் கண்ணாடி ஒன்று திருகி உட்கார்த்தியிருந்தது.

"இது தொழிற்சாலையிலேயே வெட்டி வர்றதுங்க மேடம். நாம ஒண்ணும் துளை போடவேணாம். உள்ள பாத்தீங்கன்னா ஒரு சிகப்புப் புள்ளி. புள்ளி எங்க நிக்குதோ குண்டு அங்க."

பொதட்டூர்பேட்டை பச்சையப்பனும் வந்திருந்தார். லுங்கி வியாபாரி. துப்பாக்கியைச் சுடுவதைவிட வைத்திருப்பதில் ஆசை அதிகம். ஆளுக்கு இரண்டுதான் என்று சட்டம் வந்ததில் இருந்து அவருக்கு வாழ்க்கையே கசந்துபோயிருந்தது.

"தாத்தாவோட ரெட்டைக்குழலக் குடுத்துட்டு இத வாங்கிடலாம்னு இருக்கறேன், புக்கிங்கம்மா. பாரு இன்னா பாலிஷ்! ஒரு தபாகூட சுடமாட்டேன். தொடச்சித் தொடச்சிப் பாத்துகினே இருப்பேன்."

"அதுக்கு ஒரு பொம்மை வாங்கி வெச்சிக்கங்க."

"நீ சுட்டுத் தேய்ச்சிடுவ. எவ்ளோ நல்ல பொருளு, பாவம்."

"இன்னிக்கு நான் சொதப்பினா உங்களுக்குத்தான். சாமிய வேண்டிக்குங்க."

"காலையிலேயே வேண்டிகினேன்," என்றார் அவர்.

தேவசுந்தரி அதைக் கையில் எடுத்தாள். குண்டு அடுக்கும் மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டில்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். ஸ்லைடை இழுத்தாள். மூட்டுவலி வந்த விரலுக்குக் கொஞ்சம் கடினம்தான், ஆனாலும் வந்தது. அவளுடைய பழையதைவிடக் கனம், முன்பக்கம் தாழ்ந்தது. பிடி அகலம், பெரிய ஆண்கையை நினைத்துச் செய்தது. பிடியின் பக்கத் தகட்டை மாற்றினால் சரியாகும் என்றார் குமரவேல். வெறும் துப்பாக்கியை அட்டைகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டைப் பார்த்து நீட்டி ட்ரிகரை இழுத்தாள். இழுவை என்று ஒன்று இருப்பதே தெரியாமல், பிஞ்சு முருங்கைக்காயை ஒடித்ததுபோல டக்கென்று விட்டது. இப்படியொரு ட்ரிகர் இளவயதில் கிடைத்திருந்தால் என்று ஒரு கணம் தோன்றியது.

குண்டு போட்டு நின்றாள். நீட்டினாள். புள்ளி இல்லை.

கண்ணாடிக்குள் வெறும் ஆகாயம். மணிக்கட்டைத் தாழ்த்தினாள், மண்மேடு. ஏற்றினாள், ஆகாயம். இடது கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை முன்னால் நீட்டி, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவள்போலத் தேடினாள். பின்னால் பச்சையப்பன் கனைத்தார். நான்கு குண்டு விட்டாள். அட்டையில் ஒன்றுகூட இல்லை.

"ரெட்டைக்குழலு, நீ போய்ட்டு வாம்மா," என்றது பச்சையப்பனின் குரல்.

குமரவேல் பக்கத்தில் வந்தார். "மேடம், நீங்க இன்னும் பழைய குறியத்தான் தேடறீங்க. பழசுல சுட்ட எல்லாருமே இதான் பண்றாங்க. ரெண்டு கண்ணையும் தொறந்து வையுங்க. துப்பாக்கியப் பாக்காதீங்க. அட்டைய மட்டும் பாருங்க. புள்ளி தானா வந்து நிக்கும்."

துப்பாக்கியைப் பார்க்காமல் சுடுவதா? எல்லாக் காலமும் கண்ணை முனையிலேயே வைக்கச் சொல்லித்தான் அவளைப் பழக்கியிருந்தார்கள். ஆனாலும் இரண்டு கண்ணையும் திறந்தாள். தூரம்தான் அவளுக்கு நன்றாகத் தெரியுமே. அட்டையின் கறுப்பு வட்டம் கோடு கோடாகத் தெரிந்தது. கையை உயர்த்தினாள். அந்தக் கறுப்பின்மேல் சிவப்புப் புள்ளி வந்து உட்கார்ந்தது.

உட்கார்ந்து ஆடியது. தேங்கிய தண்ணீர்மேல் பூச்சி ஆடுவதுபோல. தன் கை இவ்வளவு நடுங்குகிறது என்பதைத் தேவசுந்தரி அன்றுதான் பார்த்தாள். பழைய குறி அதைக் காட்டிக்கொடுத்ததில்லை. ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தால் ஆட்டம் கூடியது. மூச்சை விட்டாள். ஆடட்டும் என்று விட்டுவிட்டு, விரலை மட்டும் மெதுவாக அழுத்தினாள்.

மேகசின் காலியானபோது அட்டையின் நடுவில் ஒரு ரூபாய் நாணயத்தால் மூடிவிடக்கூடிய ஓட்டை. விளிம்பு கிழிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக.

"அடிப்பாவி!" என்றார் பச்சையப்பன். "என் பொருளு போச்சே!"

தேவசுந்தரி திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். பழக்கம். பெஞ்சில் யாருடையதோ ஹெல்மெட் இருந்தது.

அட்டையைப் போட்டோ எடுத்து இவானுக்கு அனுப்பினாள். உடனே கூப்பிட்டான்.

"எங்கம்மா இருக்க?"

"ரேஞ்சுலதான். பாத்தியா? கண்ணு நல்லாத்தான்டா இருக்குது. இந்த மாசமே ரின்யூவலுக்குக் குடுத்துடறேன்."

"சுத்தி ஆளுங்க இருக்காங்களா?"

"இருக்காங்க. ஏன்?"

அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்தும் சத்தம். மருமகளுக்குக் கேட்காத இடத்துக்குப் போகிறான்.

"அப்பா தவறின வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு போன்ல இன்னா சொன்ன, ஞாபகம் இருக்குதா?"

"இன்னா சொன்னேன்?"

"'நான் மட்டும் எதுக்குடா இன்னும் இருக்கறேன்'னு சொன்ன."

"அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுடா. எங்க வயசுல எல்லாரும் சொல்றதுதான்."

"எல்லார் வூட்டு பீரோவுலயும் துப்பாக்கி இல்லம்மா."

தேவசுந்தரிக்குச் சிரிப்பு வரும் என்று தோன்றியது. வரவில்லை.

"நீ ஒரு தபா போன் எடுக்கலைன்னா," என்றான் இவான், "நான் ஆபீஸ்ல பாத்ரூம்ல போய் நின்னுகினு திரும்பத் திரும்ப அடிச்சிகினு இருப்பேன். நீ குளிக்கப் போயிருப்ப. எனக்குத் தெரியும் குளிக்கத்தான் போயிருப்பன்னு. ஆனா..."

திருடனைப் பற்றி என்றே அவள் நினைத்திருந்தாள், இத்தனை நாளும். சாவி, சாவி என்று அவன் கேட்டதெல்லாம்.

ஒரு மத்தியானம் நினைவுக்கு வந்தது. அந்தக் கிறிஸ்துமஸ் கழிந்த சில நாளில். சுத்தமாக இருந்த பிஸ்டலையே மறுபடி துடைக்க எடுத்தவள், மடியில் எண்ணெய்த் துணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். குண்டுகள் வேறு அறையில் இருந்தன. எதையும் யோசித்ததாக ஞாபகமில்லை. நிமிர்ந்தபோது வெளிச்சம் போயிருந்தது. தெருவில் தேங்காய் உடைத்துக் கற்பூரம் கொளுத்தும் வாசனை. எழுந்து விளக்கைப் போட்டு, பிஸ்டலை உள்ளே வைத்துப் பூட்டினாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தாள். இப்போதும் சொல்லவில்லை.

"இவான், லைனிலயே இரு."

போனைக் கையில் பிடித்தபடியே குமரவேலிடம் போனாள். "இத நான் எடுத்துக்கறேங்க. பர்மிஷன் வந்ததும் உங்க கடையிலயே வெச்சிக்க முடியுமா? பழசையும் அடுத்த ஞாயிறு கொண்டாந்து குடுத்துடறேன். சுடறன்னிக்கு மட்டும் இங்க எடுத்துகினு வாங்க."

"வெச்சிக்கலாம் மேடம், அதுக்கு வழி இருக்குது. நான்தான் வாராவாரம் வரேனே." அவர் குழம்பினார். "வூட்டுல பத்திரமா வெக்க எடம் இல்லீங்களா?"

"எடம் இருக்குதுங்க. நான் ஒத்த ஆளா இருக்கறேன், அதான்."

பச்சையப்பன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஏதோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "டீ சொல்லட்டுமா புக்கிங்கம்மா?" என்றார்.

"சொல்லுங்க. சக்கரை கம்மியா."

அவள் போய்ப் பின் பெஞ்சில் ஹெல்மெட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தாள். போனைக் காதில் வைத்தாள்.

"கேட்டியா?"

"ஆங்," என்றான் இவான்.

"பீரோவுல இனிமே உங்கப்பா சட்டைங்கதான்டா இருக்கும். சாவி எங்கேன்னு கேக்காத. இன்னா சாப்பிட்டன்னு மட்டும் கேளு."

"இன்னா சாப்பிட்ட?"

"இன்னும் இல்ல. தயிர்சாதம் கட்டியாந்தேன்."

"சாப்பிடு. நான் லைன்லயே இருக்கறேன்."

முன்னால் வேறு யாரோ சுட ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு அவன் அங்கே பயப்படப் போகிறானே என்று போனை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் டப்பாவைத் திறந்தாள்.