தலைமடைக்கு ஏறிய கிருமி

என் வீட்டுக்காரர் சவூதிக்குப் போன முதல் வருஷம், நன்னிலம் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. நோன்பு மாதம். இருபது நோன்பு முடிந்திருந்தது. எனக்கு நாலு நாளாக நீர்க்கடுப்பு. வெளியே சொல்ல வெட்கம். சூடுதான் என்று தொப்புளில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு சமாளித்தேன்.

ஐந்தாம் நாள் குளிர்க்காய்ச்சல் தூக்கிப் போட்டது. விலாவுக்குப் பின்னால் தாங்க முடியாத வலி. மாமியார் என்னைக் கும்பகோணத்தில் ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துப் போனார். "காய்ச்சல், முதுகுவலி" என்று மட்டும் சொன்னேன்.

"நாலு நாளா கொல்லைக்கு நடையா நடந்தியே, அதைச் சொல்லு!" என்று மாமி போட்டு உடைத்துவிட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

சிறுநீரைப் பரிசோதித்த டாக்டர், "வயல் இருக்காம்மா?" என்றார்.

"ஒரு ஏக்கர் இருக்குங்க."

"அப்ப சுலபமாப் புரியும். சிறுநீரகம் தண்ணி புறப்படுற தலைமடை, நீர்ப்பை அது போய்ச் சேருற கடைமடை. நடுவுல வாய்க்கால். கிருமி கடைமடையோட நின்னா எரிச்சல், கடுப்பு. தலைமடைக்கு ஏறிட்டா குளிர்க்காய்ச்சல், விலா வலி. உனக்கு ஏறிடுச்சு. இன்னும் விட்டிருந்தா உயிருக்கே ஆபத்து."

மாமி விடவில்லை. "தண்ணி எங்கேயாவது எதிர்த்து ஏறுமா டாக்டரம்மா?"

"தண்ணி ஏறாது. ஆனா புதுத்தண்ணி வந்தா கெண்டை மீன் எதிர்த்து ஏறுதுல்ல?"



கர்ப்பமா, சர்க்கரையா, கல்லா, அடிக்கடி வருமா என்றும் விசாரித்தார் டாக்டர். அதெல்லாம் தனித்தனி வகையாம், வைத்தியமும் மாறுமாம். எனக்கு எதுவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ஊசி போட்டு, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், நோன்பு கூடாது என்றார். அழுதுவிட்டேன்.

"நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்திருக்கான். விட்டதை அப்புறம் பிடிச்சுக்கலாம். அவனை விடவா நீ கண்டிப்பு?" என்றார் மாமி.

இரண்டு நாள் கழித்து எஸ்.டி.டி. பூத்துக்குச் சவூதியிலிருந்து வீட்டுக்காரர் போன் வந்தது. சுற்றிலும் ஆண்கள். வேறு வழியில்லாமல், "தலைமடையில கிருமிங்க, மருந்து போயிட்டிருக்கு" என்றேன்.

"பக்கத்து வயலுக்கும் பரவிடுச்சா? பயிர் தேறுமா?" என்று அவர் பதறியதும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்புறம் மாமி போனை வாங்கி, ஊரே கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொல்லிவிட்டார்!

இரண்டு வாரத்தில் தேறி, விட்ட நோன்புகளையும் பெருநாளுக்குப் பிறகு பிடித்து முடித்தேன். இன்று தெருவில் எந்தப் பெண் கடுப்பு என்று முனகினாலும், "காய்ச்சல் இருக்கா, விலா வலிக்குதா?" என்று கூச்சப்படாமல் நானே கேட்கிறேன்; என்னைப் பிழைக்க வைத்த இறைவனுக்கு நான் செலுத்துகிற நன்றி அதுதான் என்று நினைக்கிறேன்.