மன்னாருக்கு வந்த போர்க்கப்பல்

ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுக்காரர் பேசுவதை விட்டுவிட்டார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. பாலங்களுக்குக் கணக்குப் பார்த்த பொறியியலாளர்; வேலை நின்றதும் பேச்சும் நின்றுவிட்டது. "சாப்பிடுறீங்களோ?" என்றால் "ஓம்." "கறி உறைப்போ?" என்றால் "இல்லை." நாங்கள் குடியேறி இருக்கிற இல்-பிசாரில் எட்டிப் பார்த்துக் கதைக்கப் பக்கத்து வீடும் கிட்ட இல்லை. சுவரோடு கதைக்கிறேனா, மனுசனோடு கதைக்கிறேனா என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

கடைசியில் அவர் வாயைத் திறக்க வைத்தது ஒரு போர்க்கப்பல். நூறு வருடத்துக்கு முந்திய ராட்சதக் கப்பல். முதலாம் உலகப் போர் முடிந்ததும் நாடுகளெல்லாம் கூடி, இனி இவ்வளவு கப்பல் வேண்டாம் என்று ஒப்பந்தம் போட்டு, அதை உடைத்து இரும்புக்கு விற்றுவிட்டார்களாம். உடைக்காமல் விட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இவர் அதற்கு வேறொரு சரித்திரம் எழுதத் தொடங்கினார்.

இப்படிக் கதை எழுதுவதற்கென்றே பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு நூலகத்தில் மாதாமாதம் சிலர் கூடுகிறார்கள். எல்லாம் இவரைப் போல ஓய்வு பெற்றவர்கள், பிரெஞ்சு பேசுகிறவர்கள். அவர்களுக்கு ஒரு சட்டம் உண்டு. நடந்த சரித்திரத்தில் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றலாம். மிச்சமெல்லாம் அதிலிருந்து நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். வாசித்து முடித்ததும் மேசையைச் சுற்றி ஒவ்வொருவரும் 'மிதக்கிறது' அல்லது 'மிதக்கவில்லை' என்று சொல்வார்கள். ஒருவர் உண்மையான பிழை ஒன்றைக் காட்டினாலும் போதும், கூட்டத்தின் தலைவி அம்மா மணியை அடிப்பார். கதை தள்ளுபடி, கப்பல் உடைக்கிற துறைக்குப் போய்விடும். பிறகு அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க எனக்கு அடுப்படியில் கப்பல் கதைதான். "இஞ்சரும், நிலக்கரிய விட்டு எண்ணெய்க்கு மாத்தினா, பக்கச் சுவரோட அடுக்கின கரி குடுத்த பாதுகாப்புப் போயிடுமெல்லோ?"

"போனாப் போகட்டும். அந்த வெங்காயத்தை உரியுங்கோ."

உரித்துக்கொண்டே கதைப்பார். எனக்குக் கப்பலைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் வீட்டில் ஒரு குரல் கேட்டதே, அதில் எனக்கு அப்படி ஒரு சந்தோசம். கூடவே பயமும் இருந்தது. கப்பல் உடைந்தால் இந்த மனுசன் திரும்பவும் வாயை மூடிக்கொண்டு சோபாவின் மூலையில் போய் இருந்துவிடுவார்.

வாசிக்கிற நாளன்று ரோல்ஸ் பொரித்துக்கொண்டு நானும் போனேன். எனக்குப் பிரெஞ்சு காதுக்கு விளங்கும், வாயில் வராது. அவர் எழுந்து நின்று கணீரென்று வாசித்தார். ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. கப்பல் தப்பி, பயிற்சிக் கப்பலாக இந்து சமுத்திரத்துக்குப் போகிறது. கொழும்பிலிருந்து மேற்குக் கரையோரமாக வடக்கே வந்து, தலைமன்னாரைத் தாண்டிக் காங்கேசன்துறைக்குப் போகிறது. தாண்டும்போது மன்னாரில் கோயில் திருநாளாம். சனமெல்லாம் கரையில் நின்று கை காட்டுகிறதாம். அந்த இடம் வந்ததும் தாளிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார்.

நான் மன்னார், அவர் யாழ்ப்பாணம். எனக்காகத்தான் கப்பலை அந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார். மனம் அப்படியே உருகிவிட்டது. அடுத்த நொடி அந்தக் கடல் நினைவுக்கு வந்தது.

தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் நடுவில் கடல் என்பது பேருக்குத்தான். எல்லாம் மணல் திட்டு. சின்ன வயதில் வள்ளத்தில் போய் அங்கே இறங்கி நின்றிருக்கிறேன். மீன்பிடி வள்ளமே பார்த்துப் பார்த்துப் போகிற இடத்தில் இவர் போர்க்கப்பலை ஓட்டுகிறார்! கொதிகலனையும் பீரங்கியையும் துருவித் துருவிப் பார்த்தவர், வரைபடத்தில் நீலமாக இருந்ததை அப்படியே நம்பிவிட்டார்.

அங்கே யாருக்கும் அது தெரியாது. 'மிதக்கிறது', 'மிதக்கிறது' என்று மேசையைச் சுற்றி வந்தது. விருந்தாளியை விடக் கூடாது என்று தலைவி அம்மா மரியாதையாக என் பக்கம் திரும்பினார். "மதாம்?"

மிதக்கிறது என்று ஒரு சொல்லுத்தானே, சொல்லிவிடு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எங்கே? இறங்கி நின்ற கடலைப் பற்றி நானே பொய் சொல்வதா என்று ஒரு ரோசம் வந்துவிட்டது.

"அங்க தண்ணி காணாது," என்றேன், தமிழில்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். மதாம் என்ன சொல்கிறார்? மதாமுக்குப் பிடித்திருக்கிறதாம் என்று அவர் சொல்லியிருந்தால் விசயம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். பிறகு பிரெஞ்சில், "அந்த இடத்தில் ஆழம் போதாது என்கிறார். அது இவரின் ஊர். இவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்," என்றார்.

மணி அடித்தது. எல்லோரும் அவருக்குக் கைகொடுத்துவிட்டு ரோல்ஸை எடுத்தார்கள்.

வரும் வழியெல்லாம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. கடவுளே, என் வாயாலேயே கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தினார், இறங்கவில்லை.

"எவ்வளவு ஆழம்?"

"எங்க?"

"நீர் இறங்கி நிண்ட இடத்தில."

முழங்காலைத் தொட்டுக் காட்டினேன். கார்க் கண்ணாடியில் படிந்திருந்த பனிப்புகாரில் விரலால் மன்னார்த் தீவைக் கீறி, திட்டுகளைப் புள்ளி புள்ளியாக வைத்தேன். ஆரோடு போனனீர், பறவை வருமோ, காத்து மாறினால் திட்டும் இடம் மாறுமோ என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். அப்பாவின் வள்ளத்தைப் பற்றி, ஒருமுறை திட்டில் என்னை மறந்து விட்டுவிட்டு அண்ணைமார் பாதி வழி வந்துவிட்டதைப் பற்றியெல்லாம் சொன்னேன்.

"இதுகள நீர் ஒருநாளும் சொல்லேல்லையே," என்றார்.

"நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லை."

வெடுக்கென்று வந்துவிட்டது. அவர் கார்ச் சாவியை உருவினார். சரி, முடிந்தது என்று நான் கதவில் கை வைத்தேன்.

"இப்ப கேக்கிறன்," என்றார். "சொல்லும்."