ஆற்றங்கரைக் கேற்றுகள்

எங்கள் வயதுக்காரர் தெருவில் கை கோத்து நடப்பதில்லை. லண்டனில் முடி நரைத்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. மணவறையைச் சுற்றி வரும்போது என் கையைப் பிடித்த மனிதர், ஃபாரஸ்ட் கேட் கடைத்தெருவில் எப்போதும் எனக்கு இரண்டு எட்டு முன்னால்தான் போவார். பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். நாங்கள் கண்டுகொள்வதில்லை.

பிறகு அவருக்குப் பார்க்கின்சன் வந்தது. மழை, பனி பாராமல் பெட்ரோல் செட் வேலைக்குச் சைக்கிளில் போய்வந்தவருக்கு இரண்டு சில்லில் நிற்க ஏலாமல் போனது. பிசியோதெரபிக்கு வந்த பெண்தான் மூன்று சில்லு ட்ரைக்கைப் பற்றிச் சொன்னாள். பழையது ஒன்று வாங்கினோம். நிலத்தோடு ஒட்டிய இருக்கை. சாய்மனைக் கதிரையில் கிடப்பதுபோலக் கிடந்து, காலை முன்னே நீட்டி மிதிக்க வேண்டும். மற்றவர்கள் கண்ணில் படுவதற்காகப் பின்னால் நீளத் தடியில் ஒரு செம்மஞ்சள் கொடி.

செவன் கிங்ஸில் இருக்கும் அவருடைய தங்கை அதைப் பார்த்துவிட்டு, "அண்ணை பாடையிலை போறமாதிரிக் கிடக்கு" என்று வாய் கூசாமல் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று அவளுக்குத் தேத்தண்ணிகூட ஊற்றவில்லை.

அவர் சிரித்தார். "பாடையிலை போறவன் மிதிக்க மாட்டான்."

ஞாயிற்றுக்கிழமைகளில் லீ ஆற்றங்கரையால் வடக்கே போவோம். அந்தக் காலத்தில் குதிரைகள் கரையில் நடந்து படகுகளை இழுத்த பாதை அது. அவர் முன்னால், நான் சாதாரண சைக்கிளில் பின்னால். எனக்குத் தெரிவது அந்தக் கொடியும் அவருடைய மொட்டைத் தலையும்தான். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிற மனிதர் அங்கே என்னை முந்துவார். அவருக்கென்று மிஞ்சியிருந்தது அந்த ஆறு ஒன்றுதான். அதுவும் போய்விடக்கூடாது என்று நான் கும்பிடாத நாளில்லை.

பயம் எனக்குக் கேற்றுகளில்தான். மோட்டார் சைக்கிள்கள் புகாமல் இருக்க, பாதையில் இடைக்கிடை ஒடுக்கமான இரும்புக் கேற் போட்டிருந்தார்கள். ட்ரைக் அதற்குள் நுழையாது. பக்கத்தில் பூட்டிய அகலக் கேற் ஒன்று இருக்கும். திருத்தவேலை வான்களுக்கானது என்று நினைத்திருந்தேன். ஆகவே ஒவ்வொரு கேற்றடியிலும் அவரை எழுப்பிக் கம்பியில் சாய்த்து நிறுத்திவிட்டு, ட்ரைக்கைச் சரித்து இடுக்கால் செருக வேண்டும்.

"இஞ்சாரும், கையைத் தாரும்" என்று இரண்டு கைகளையும் நீட்டுவார். நான் பிடித்து இழுப்பேன். எழும்பிய பிறகும் அவர் கையை உடனே விடமாட்டார். தள்ளாட்டம் என்று நினைத்துக்கொள்வேன். பார்க்கிற சனத்தை நினைத்துக் கூச்சம் ஒரு பக்கம், இடுப்பு உளைவு மறுபக்கம்.

"இந்தக் கேற்றைப் போட்டவன் நாசமாய்ப் போவான்" என்று திட்டுவேன். அவர் கம்பியில் சாய்ந்தபடி ஆற்றைப் பார்ப்பார்.

ஒரு இலையுதிர் காலத்து ஞாயிறு, இழுத்தும் அவர் எழும்பவில்லை. அவருடைய விரல்கள் என் கையைச் சுற்றி மடியவில்லை. இரண்டாம் முறை இழுத்தபோது நானும் அவர்மேல் விழுந்தேன். அவர் கேற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"காணும். இனித் திரும்புவம்."

அதற்குப் பிறகு ட்ரைக் கொட்டிலைவிட்டு வெளியே வரவில்லை. அந்தக் குளிரிலேயே நிமோனியாவில் போய்விட்டார்.

ஆண்டுத்திவசம் வரைக்கும் கோயிலுமில்லை, கொண்டாட்டமுமில்லை. ஞாயிறுகள் வெறுமையாய்க் கிடந்தன. ட்ரைக்கை விற்க முன்னர் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று அவருடைய தங்கைக்குப் போனில் சொன்னேன்.

"சனம் என்ன சொல்லும்?" என்றாள் மச்சாள்.

"சனம் வந்து மிதிக்கட்டும்" என்று போனை வைத்தேன்.

அவருடைய இடத்தில் அன்றுதான் முதன்முதலாகக் கிடந்தேன். அவர் எழும்பாமல் போன அந்தக் கேற் வந்தது. எழும்பப் பார்த்தேன், முழங்கால் கேட்கவில்லை. என்னையறியாமல் இரண்டு கைகளையும் முன்னே நீட்டிவிட்டேன். நீட்டிய கைகளை மெல்ல மடியில் போட்டேன்.

கரையில் படகிலேயே குடியிருக்கும் வெள்ளைக்கார முதியவர் ஓடிவந்து என்னைத் தூக்கிவிட்டார். எங்களை எத்தனையோ தரம் பார்த்தவர். உங்கள் கணவர் எங்கே என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைக் கழற்றினார். பிறகு, உங்களிடம் அந்தத் திறப்பு இருக்குமே, பூட்டில் போட்டு அகலக் கேற்றைத் திறந்து போகலாமே என்றார்.

எந்தத் திறப்பு?

மாற்றுத்திறனாளிகள் கழிப்பறைக்கென்று என் மனிதர் கொண்டுதிரிந்த பெரிய திறப்பு இருக்கைப் பையில் அப்படியே கிடந்தது. அதேதான், இந்த அகலக் கேற்றுகளுக்கும் அதுதான் என்றார் முதியவர். முதல் கோடையிலேயே உங்கள் கணவருக்குச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்றார்.

முதியவர் படகுக்குத் திரும்பிய பிறகு திறப்பைப் போட்டேன். கேற் அகலத் திறந்தது. காரே போகலாம். "கள்ளன், கையைத் தாரும் எண்டு கேக்கத்தானே" என்று வாய்விட்டுச் சொன்னேன். அந்தக் கடைசி ஞாயிறிலாவது சொல்லியிருக்கலாமே, அவருக்கு அந்த ஆறு மட்டுமாவது மிஞ்சியிருக்குமே என்று ஆத்திரமாக வந்தது. ஆத்திரம் அழுகையாய் முடிந்தது.

கேற்றைத் திரும்பப் பூட்டினேன். ட்ரைக்கைச் சரித்து, பழைய இடுக்காலேயே முக்கி முக்கித் தள்ளினேன். இடுப்பு உளைந்தது. திட்ட வாய் வரவில்லை.