எங்கட ஆளாக இருந்ததால் கிடைக்காத இருக்கை

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பனிக்காலத் திங்கட்கிழமை, கொலை வழக்கு ஒன்றுக்கு ஜூரி தெரிவு செய்ய ரொறன்ரோ நீதிமன்றத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். "இங்கிலிஷ் விளங்காது எண்டு சொல்லிப்போட்டு வாரும், விட்டிடுவினம்" என்றார் கணவர். வங்கியில் வருடக்கணக்காக ஆங்கிலத்தில் மாரடிக்கிறவள் நான். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருமா?

நீதிமன்ற லிஃப்டில் ஒரு அம்மா நின்றார். நெற்றியில் திருநீறு, கையில் கசங்கிய ரிஷ்யூத்தாள்.

"பிள்ளை, ஊரிலை எவடம்?"

எங்கட சனம் நிறைந்த ஸ்காபரோவில் கடைக்குப் போனாலும் இதைக் கேட்காமல் விடமாட்டோமே! "உரும்பிராய் அக்கா" என்றேன்.

"அட, நாங்கள் பக்கத்துக் கோண்டாவில்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போனால், குற்றவாளிக் கூண்டில் ஒரு தமிழ்ப் பையன். பின்வரிசையில் அதே அம்மா அவனைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். மகன் என்று அப்போதுதான் விளங்கியது. கனடாவில் தூக்கு இல்லை. ஆனால் ஜூரியில் இருக்கும் பன்னிரண்டு பேரும் அவனைக் குற்றவாளி என்று சொன்னால், அவன் வாழ்க்கை சிறையோடு சரி.

குற்றம் சாட்டப்பட்டவர் தமிழர் என்பது உங்கள் முடிவைப் பாதிக்குமா என்று ஜூரிக்கு வந்த ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரர், தமிழ்ப் பெடியங்களைக் கண்டால் தனக்குப் பயம், பாதிக்கும் என்றார். அவரை நீதிபதி நன்றி சொல்லி அனுப்பினார். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். நான் மட்டும் என்ன திறம்? சாட்சியம் ஒன்றும் கேட்காமலே மனதுக்குள் அவனை விடுதலை செய்துவிட்டேனே! செத்துப்போனவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்று நினைக்கக்கூட இல்லை.

என் முறை வந்ததும், அவனுடைய அம்மாவோடு லிஃப்டில் கதைத்ததையும், எனக்கு இரக்கம் வந்துவிட்டதையும் சொன்னேன். என்னையும் நன்றி சொல்லி அனுப்பினார்கள்.

அந்த அம்மா பின்னாலேயே வந்தார். ஏசப்போகிறார் என்று பயந்து, "குறை நினையாதேங்கோ அக்கா" என்றேன்.

"ஏன் பிள்ளை? அவன் செய்யேல்லை எண்டு நானும் நீரும் சொன்னால் ஆர் நம்புவினம்? எங்களைத் தெரியாத சனம் சொல்லவேணும். அப்பத்தான் அவன் தலை நிமிர்ந்து நடப்பான்."

அவரைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்தேன்.

சில மாதங்களின் பின் தமிழ் வானொலியில் கேட்டேன், அவனை நிரபராதி என்று விட்டுவிட்டார்களாம். ஜூரியில் தமிழர் ஒருவரும் இல்லையாம். சமைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பை நிறுத்திவிட்டு ஆசைதீர அழுதேன். எங்களை அறியாத மனிதர்களிடமும் நியாயம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அன்றைக்குத்தான் வந்தது, இன்னும் போகவில்லை.