முன்னாடி ஜப்பான், பின்னாடி போடி

மகளைத் தூங்க வைக்கிற நேரம்தான் எனக்குப் படிக்கக் கிடைக்கிற நேரம். ஒரு கையில் அவள் தலை, இன்னொரு கையில் போன். இரண்டு வாரமாக நான் படிப்பதெல்லாம் பழைய கார்களைப் பற்றித்தான். என் வீட்டுக்காரர் தேனியில் ஒரு வண்டி பார்த்து வைத்திருக்கிறார். ஜப்பான் கம்பெனி வண்டி. பெயரைச் சொன்னால் விளம்பரம் போல ஆகிவிடும், வேண்டாம். அவர் அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிட்டார். எனக்குத்தான் முடியவில்லை. அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் எழுதிய கருத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கிறேன். என்ஜின் நம்மைவிட அதிக நாள் இருக்கும் என்கிறார் ஒருவர். பின் சீட்டில் கால் நீட்ட முடியாது என்கிறார் இன்னொருவர். மலை ஏறும்போது லேசாக ஒரு சத்தம் வரும், பயப்பட வேண்டாம் என்று எழுதியிருக்கிறார் மூன்றாமவர். பயப்பட வேண்டாம் என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே வருகிறது.

அப்படிப் படித்துக்கொண்டே போனபோது கம்பெனியின் வரலாறு வந்தது. முதலில் அவர்கள் கார் செய்யவில்லையாம். துணி நெய்கிற தறி செய்தார்களாம். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் தறி. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன், மகள் எழுந்துவிட்டாள். மறுபடி தூங்க வைக்க ஒரு மணி நேரம் ஆனது. இந்த வரலாற்றை நான் முதலில் தெரிந்துகொண்டது போனில் படித்து அல்ல. போடிமெட்டு ரோட்டில், நான்காவது வளைவுக்கும் ஐந்தாவது வளைவுக்கும் நடுவில், வாந்தியை அடக்கிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. படிப்பை முடித்துவிட்டு, மலைமேல் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலையாட்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் சேர்ந்திருந்தேன். பதினான்கு குழந்தைகள். ஒருத்திக்கு எப்போதும் சளி, ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனைக் கடிப்பான், ஒருத்தன் வாயில் எந்நேரமும் மண். எனக்கு எந்தப் பயமும் இருந்ததாக நினைவில்லை. இன்று ஒரே ஒரு பிள்ளை இரண்டு முறை தும்மினால் டாக்டருக்குப் போன் போடுகிறேன். எந்தத் தைரியத்தில் அந்த அம்மாக்கள் என்னை நம்பிப் பிள்ளைகளை விட்டுப் போனார்கள் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

ராசிங்காபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து விடியும்போதே தங்கராசு அண்ணனின் ஜீப்பு கிளம்பும். காய் எடுக்கப் போகும் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் அதில் போவார்கள், நானும் அதில்தான். அவர்களை வீடு வீடாகப் போய் எழுப்பித் திரட்டுவது பேச்சியம்மாள் அத்தை. அவர் எந்த ஜீப்பில் ஏறுகிறாரோ அந்த ஜீப்புக்குத்தான் மற்றவர்களும். ஆள் கொண்டுவருகிற வண்டிக்குத்தான் தோட்டத்தில் சோலி. ஆகவே தங்கராசு அண்ணனின் பிழைப்பு என்ஜினில் இருந்ததைவிடப் பேச்சியம்மாள் அத்தையின் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில்தான் அதிகம் இருந்தது.

இப்போதும் எங்காவது மூக்குப்பொடி நெடி அடித்தால் எனக்கு அந்த ஜீப்புதான் ஞாபகம் வருகிறது. காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்கப் பெண்கள் காலுறையில் மூக்குப்பொடி தடவிக்கொள்வார்கள். அதோடு நனைந்த சாக்கு, டீசல், சோத்துவாளியிலிருந்து கசியும் புளிக்குழம்பு, சாயங்காலமானால் எல்லார் கையிலும் பச்சை ஏலக்காய்க் கறை. ஏலக்காய் வாசனை என்றால் பாயசம் என்று நினைப்பவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பச்சைக் காயின் வாசனை கொஞ்சம் கோபமாக இருக்கும்.

அந்த ஜீப்பைக் கொடுத்துவிட்டுத்தான் தங்கராசு அண்ணன் ஜப்பான் வண்டி வாங்கினார். தோட்ட முதலாளி ஒருவர் கொச்சிக்குப் போய்வர வைத்திருந்த வெள்ளை வண்டி, எட்டுப் பேர் உட்காரலாம், நெருக்கினால் பன்னிரண்டு. சீட்டின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட அந்த முதலாளி பிரிக்கவில்லை. அண்ணனும் பிரிக்கவில்லை. முன்னால் ரோஜா வாசனை டப்பா ஒன்று ஒட்டினார். திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டினார். முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையோடு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "காலத் தட்டிட்டு ஏறுங்கத்தை" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் சொன்னார். எல்லாரும் தட்டிவிட்டுத்தான் ஏறினார்கள். நானும்.

அடிவாரத்து முந்தல் தாண்டி மலை ஏறியதும் ரோஜா வாசனை வேலையைக் காட்டத் தொடங்கியது. ஜீப்பில் காற்று நாலு பக்கமும் அடிக்கும். இதில் கடைசி வரிசையில் கண்ணாடி திறக்கவே திறக்காது. மூன்றாவது வளைவில் ஒருவர் வாயைப் பொத்தினார். நான்காவதில் இருவர். கவனத்தைத் திருப்பலாம் என்று நினைத்தோ என்னவோ, தங்கராசு அண்ணன் கம்பெனியின் வரலாற்றை அப்போதுதான் ஆரம்பித்தார். முதலாளி வீட்டு டிரைவர் அவருக்குச் சொன்னதாம். ஜப்பானில் ஒருத்தர் தறி செய்தார், நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும், அவர் மகன்தான் கார் செய்யக் கிளம்பினார், அந்தக் கவனம்தான் இந்த வண்டியிலும் இருக்கிறது.

பேச்சியம்மாள் அத்தை சக்கம்பட்டியில் பிறந்தவர், தறிக்குழிக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவர். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு கேட்டார்.

"எங்க அப்பனும் தறிக்காரருதான். தறிக்காரனுக்கு மலையப் பத்தி என்னப்பு தெரியும்?"

வண்டியே சிரித்தது. தங்கராசு அண்ணனும் சிரித்தார். பின்னால் இருந்த ஒருத்தர் அந்தச் சிரிப்பிலேயே வாந்தி எடுத்துவிட்டார். வண்டியை நிறுத்தினோம். நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தபோது, பம்பரில் கட்டியிருந்த திருஷ்டி எலுமிச்சம்பழத்தை யாரோ அவிழ்த்து, இரண்டாகக் கடித்து முகர்ந்துகொண்டிருந்தார். யார் என்பது எனக்குத் தெரியும். அதன் இன்னொரு பாதி என் கையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் மூன்று பேர் வேறு ஜீப்பில் ஏறினார்கள். அதற்கும் அடுத்த சனிக்கிழமை சாயங்காலம், எங்கள் தெருவில் இறங்கியதும், பேச்சியம்மாள் அத்தை வண்டியை விட்டு நகராமல் நின்றார். திங்கட்கிழமையிலிருந்து நாங்கள் வேறு வண்டியில் போகிறோம், உன்மேல் ஒரு குறையும் இல்லை என்றார். தங்கராசு அண்ணனின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. ஜீப்பும் கையை விட்டுப் போயாயிற்று, ஆட்களும் போனால் இந்த வெள்ளை வண்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? வாந்தி வருவதாலா, ரோஜா டப்பாவை எடுத்து எறிந்துவிடுகிறேன் என்று ஏதேதோ சொன்னார்.

"வாந்தி ஜீப்புலயுந்தான் வரும். பகல் முச்சூடும் மண்ணுல ஒக்காந்து காய் எடுக்குறவளப் பாத்துக் காலத் தட்டச் சொல்ற. அம்புட்டுச் சுத்தத்துக்கு நாங்க எங்கப்பு போறது?"

தங்கராசு அண்ணன் தலையைத் தொங்கப் போட்டார். அத்தைக்கே பாவமாகப் போயிற்று போல. போகிற போக்கில் வேறு காரணம் ஒன்றும் சொன்னார்.

"ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க முடியல. முதுகப் பாத்துக்கிட்டே போறது எழவுக்கு வேன்ல போறாப்புல இருக்கு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தங்கராசு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம். சீட்டுகளைக் கழற்றிவிட்டு, ஜீப்பு மாதிரி எதிரெதிராக இரண்டு பெஞ்சு போடப் போகிறேன், எந்த போல்ட்டைத் தொடக்கூடாது என்று படித்துச் சொல் என்றார். தெருவில் படித்த பெண் நான்தானே. புரட்டிப் பார்த்தேன். போல்ட்டைப் பற்றி ஒன்றுமில்லை. சீட்டைக் கழற்றவோ மாற்றவோ கூடாது, உயிருக்கு ஆபத்து என்று ஒரு கட்டம் போட்டு எழுதியிருந்தது. சொன்னால் அவர் பிழைப்பு போகும், சொல்லாவிட்டால் பன்னிரண்டு பேர் உயிர் என் தலையில். வரிக்கு வரி இரண்டு தடவை படித்துவிட்டு, அப்படியே சொல்லிவிட்டேன்.

அவர் அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார்.

"இத ஓட்டுறவனுக்கு எழுதியிருக்கான் பாப்பா. ஏறுறவளுக்கு எழுதல."

அப்போது அது பெரிய நியாயமாகப் பட்டது. இப்போது, பிள்ளை பெற்ற பிறகு, அந்தக் கட்டம் சில சமயம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது. இன்னும் ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாமோ என்று நினைப்பேன். சொல்லியிருந்தால் அன்றே அந்த வண்டி விலைக்குப் போயிருக்கும் என்றும் நினைப்பேன். இரண்டையும் நினைத்துவிட்டுப் பாலைக் காய்ச்சப் போய்விடுவேன்.

போடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் வந்தார். நடு சீட்டும் கடைசி சீட்டும் பிளாஸ்டிக் உறையோடு வெளியே வந்தன. தங்கராசு அண்ணன் ஒவ்வொன்றையும், யாரோ தூங்குவதைப் போலத் தூக்கி வீட்டுக்குள் வைத்தார். அவர் மனைவி செல்வி அக்காவுக்கு மட்டும் அன்று ஒரே சந்தோஷம். டிவிக்கு எதிரே போட்டு, "ஜப்பான் சோபா" என்று வருகிறவர்களை எல்லாம் உட்காரச் சொன்னார். நானும் போய் உட்கார்ந்தேன். நல்ல சீட்டுதான். நிற்கிற இடத்தில் நிற்கும் வரை ஒரு குறையும் இல்லை. பெஞ்சை நான்கு இடத்தில் தரையோடு சேர்த்து முறுக்கியதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒவ்வொன்றையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்து, இந்தப் பாப்பா ஆர்டிஓ ஆபீஸ்ல வேல பாக்குதா என்று கேட்டார். கடைசி வரிசைக் கண்ணாடியை எடுத்துவிட்டுத் தார்ப்பாய் கட்டினார்கள். பின்கதவுக்குக் கீழே இரும்பில் ஒரு படி வைத்தார்கள்.

திங்கட்கிழமை விடிகாலை பெண்கள் எல்லாரும் வேறு ஜீப்புக்காகத் தெருமுனையில் நின்றிருந்தார்கள். தங்கராசு அண்ணன் வண்டியைக் கொண்டுவந்து அவர்களுக்கு முன்னால் நிறுத்தினார். இறங்கவில்லை. கதவைத் திறந்து பிடிக்கவில்லை. காலைத் தட்டச் சொல்லவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். காது மட்டும் பின்னால் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பேச்சியம்மாள் அத்தை பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தார். படியை மிதித்துப் பார்த்தார். ஏறினார், மண் காலோடு. பெஞ்சை உள்ளங்கையால் அழுத்தினார். சோத்துவாளியைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளினார். எதிர்ப் பெஞ்சில் நான் ஏறி உட்காரும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வண்டியின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார்.

"வெரசா எடு அப்பு. வெயில் ஏறிரும்."

மற்றவர்கள் ஏறியதை நான் எண்ணவில்லை. இடிபட்டதில் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் அந்த வண்டியை "முன்னாடி ஜப்பான், பின்னாடி போடி" என்று கேலி செய்தார்கள். தங்கராசு அண்ணன் கோபித்துக்கொள்ளவே இல்லை. யாராவது வண்டி எப்படி என்று கேட்டால், என்ஜினில் நான் கை வைக்கவில்லை, சீட்டில் ஜப்பான்காரன் கை வைக்க வேண்டாம் என்பார். அந்த என்ஜின் மழையிலும் பனியிலும் எங்களை ஒரு நாளும் வழியில் நிறுத்தவில்லை. போனில் கருத்து எழுதுபவர்கள் சொல்வது அந்த விஷயத்தில் உண்மைதான். ஆனால் அவர்களில் யாரும் கடைசி சீட்டில் உட்கார்ந்தவரிடம் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. நான் எழுதலாமா என்று நினைத்தேன். அந்த வண்டி என்னுடையது இல்லையே என்று விட்டுவிட்டேன்.

மூன்று வருஷம் அதில் போய்வந்தேன். பிறகு கல்யாணம், தேனி வாசம். அந்த வண்டிக்கு வயதாகி, காகிதம் புதுப்பிக்க முடியாமல், பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த மாதிரி வண்டியைக் கம்பெனியும் எப்போதோ நிறுத்திவிட்டதாம். தங்கராசு அண்ணன் இப்போது போடியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பேச்சியம்மாள் அத்தைக்கு முட்டி மடங்குவதில்லை, மகள் வீட்டில் இருக்கிறார். எங்கள் தெருவிலிருந்து மலைக்குப் போகிற பெண்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களுடைய பிள்ளைகள் நர்ஸாகவும் ஜவுளிக்கடையிலும் இருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, ஓட்டிப் பார்க்க என்று அந்தத் தேனி வண்டியைப் போடிமெட்டு வரை கொண்டுபோனோம். சத்தம் வருகிறதா என்று கவனித்துக்கொண்டே வந்தேன். வரவில்லை. வாந்தியும் வரவில்லை. நல்ல வண்டி, வாங்கலாம் என்று மெட்டில் டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரருக்கு நம்பவே முடியவில்லை.

ஆனால் ஏறும்போது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் என் முழங்கால் தானாக இறுகிக்கொண்டது. அப்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பினால் எதிர்ப் பெஞ்சு முழுவதும் என் மேல் சரியும், இந்தப் பக்கம் திரும்பினால் நான் அவர்கள் மடியில் போய் விழுவேன், யாராவது ஒருத்தர் கறைக் கையால் என் தொடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார், பேச்சு மட்டும் நிற்காது. பதினேழு வளைவுகள் வந்தன. பெல்ட் என்னைப் பிடித்திருந்தது. யாரும் யார் மேலும் விழவில்லை.